ஷாம்பு ஜெயித்த மிஷின்: ஆயில் டெஸ்ட்களில் எதை நம்பலாம்?

மார்த்தாண்டத்தில் நான் பைக் விடும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் ஆயில் விற்பனையாளர் சின்ன மிஷினோடு வந்தார். மோட்டாரில் சுற்றும் இரும்பு வளையம், அதன்மேல் பேரிங் உருளையை அழுத்தும் கம்பி, கீழே ஆயில் கிண்ணம். வழக்கமாக நாங்கள் ஊற்றும் ஆயிலில் இரண்டு எடைக்கல் வைத்ததுமே கிறீச்சென்று நின்றது. அவருடைய ஆயிலில் ஆறு கல் வைத்தும் சுற்றியது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஷாம்பு பாக்கெட் வாங்கிவரச் சொல்லிக் கிண்ணத்தில் பிழிந்தார். அதுவும் நிற்காமல் சுற்றியது. "அப்போ நாளையிலேர்ந்து இதையே ஊத்திரலாமா அண்ணாச்சி?"

இரும்பும் இரும்பும் ஒரு புள்ளியில் நசுங்கும்போது எது தாங்கும் என்பதுதான் அந்த மிஷினுக்குத் தெரியும். குளோரின் கலந்த சரக்கு அங்கே சுலபமாக ஜெயிக்கும். என்ஜினுக்குள் அதே குளோரின் சூட்டிலும் ஈரத்திலும் பேரிங்கை அரிக்கலாம். ஓடும் கிராங்க் பேரிங்கில் இரும்பு இரும்பைத் தொடுவதே அபூர்வம், நடுவில் ஆயில் படலம் நிற்கிறது. எஃகுக் குண்டுகளை உரசவிடும் நான்கு குண்டு டெஸ்ட் இதைவிட ஒழுங்கானது: 75 டிகிரி, நிமிடத்துக்கு 1200 சுற்று, ஒரு மணி நேரம், கடைசியில் குண்டில் விழுந்த தேய்மானத் தழும்பை அளப்பார்கள். ஆனால் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ என்ஜின் ஆயிலுக்கு வகுத்த தர விதிகளில் அந்த டெஸ்டே கிடையாது.

டேட்டா ஷீட்டில் நான் முதலில் தேடுவது எச்டிஎச்எஸ். 150 டிகிரி சூட்டில், வேகமாக இழுபடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற அளவு. 5டபிள்யூ-30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட், 15டபிள்யூ-40க்கு 3.7. பேரிங்குக்குள் நடப்பதற்கு இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அடுத்தது நோவாக்: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எவ்வளவு ஆவியாகிறது? ஏபிஐ-யின் எஸ்பி என்ற பெட்ரோல் என்ஜின் ஆயில் தரத்தில் 15 சதவீதம்தான் எல்லை. ஆயில் குறைவதை இது ஓரளவு முன்கூட்டியே சொல்லும். பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டியில் அதுவும் உதவாது. குளிர் டெஸ்ட்? 5டபிள்யூ-வை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். நாகர்கோவிலில் ஸ்வெட்டர் விற்பது மாதிரிதான்.

அதிகம் ஏமாற்றுவது டிபிஎன், அதாவது அமிலத்தை முறிக்கும் காரத்தின் அளவு. கூடக்கூட நல்லது என்று தோன்றும். அந்தக் காரம் பெரும்பாலும் கால்சியம் டிடர்ஜென்டிலிருந்து வருவது. டர்போ பெட்ரோல் என்ஜினில் குறைந்த வேகத்தில் சுமை ஏறும்போது, கால்சியம் அதிகமுள்ள ஆயில் ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பிடிக்கத் தூண்டும், பிஸ்டனே உடையலாம். எந்தக் கண்ணாடிக் குடுவையும் இதைச் சொல்லவில்லை. என்ஜினை ஓட்டித்தான் கண்டுபிடித்தார்கள். 2018-ல் எஸ்என் பிளஸ் என்ற ஏபிஐ தரம் வந்தபோது இதற்கென்றே ஓர் என்ஜின் டெஸ்டைச் சேர்த்தார்கள்.

அதனால் என் ஓட்டு என்ஜின் டெஸ்டுக்கு. சீக்வென்ஸ் 3எச் என்ற டெஸ்டில் நிஜ என்ஜினை 90 மணி நேரம், ஆயில் 151 டிகிரியில் கொதிக்க ஓட்டி, பிறகு பிரித்து பிஸ்டன் கசடுக்கு மார்க் போடுவார்கள். செலவு பயங்கரம், அதனால் எல்லாக் கலவைக்கும் செய்ய மாட்டார்கள். லேப் டெஸ்டிலும் ஒன்று தேறும்: பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம் ஜாசோ எம்ஏ2. பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, அதனால் அதில் நிஜ கிளட்ச் தட்டையே உரசிப் பார்க்கிறார்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று கார் ஆயிலை ஊற்றி, குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கி நின்றவன் நான்.

தேங்காய்ப்பட்டணத்துப் படகுக்கு இதெல்லாம் பாதிதான். டெஸ்ட்கள் புது ஆயிலைப் பார்க்கின்றன, படகிலோ உப்புத் தண்ணீர் கசிகிறது. அங்கே ஓடிய ஆயிலைச் சோதிப்பதுதான் வழி. சோடியம் ஏறினால் கடல் உள்ளே வந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம், ஆயில் பால் மாதிரி ஆகும்முன்பே. ஆனால் சுமார் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட இரும்புத் துகள், ஆயிலில் கலந்த உலோகங்களை அளக்கும் லேப் கருவியின் கண்ணில் சரியாகப் படாது, ஒரு தடவை எடுத்த கணக்கும் போதாது. படகு வைத்திருக்கும் நண்பனிடம் வருஷம் இரண்டு தடவை அனுப்பச் சொன்னேன். "எனக்கே இதுவரைக்கும் சுகர் பாக்கல மக்கா, ஆயிலுக்குப் பாக்கவா?" என்கிறான்.