வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் "லைசனோடு" சுற்றும் பிர்னோ ரைபிள்: கவனம்

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ, .22 போல்ட் ரைபிள் ஒன்று (சின்ன ரவை, போல்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரகம்) கறுப்புத் தோல் உறையில், மேலே குறிபார்க்கும் பெரிய கண்ணாடி (ஸ்கோப்) பூட்டியபடி விற்பனைக்குச் சுற்றுகிறது. "லைசனோடு தருகிறோம், பேர் மாற்றுவது எங்கள் பொறுப்பு" என்பார்கள். பிறகு முற்பணம் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்த 150,000 ரூபாவில் முக்கால்வாசி இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது.

துவக்கு எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் வந்து ஒரு இரவு தங்கினால் போதும். எங்கள் கிழங்குத் தோட்டத்துக்கு மேலே பைனஸ் காடு, கீழே ஓடை. கிழங்கு முற்றுகிற நேரம் பன்றிக்கூட்டம் இறங்கினால் விடியும்போது பாத்தி எது, வரம்பு எது என்று தெரியாது. பகலில் குரங்கு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று குரங்கு, மயில், மர அணிலை எண்ணச் சொல்லி அரசாங்கம் நாடு முழுக்கக் கணக்கெடுத்ததல்லவா, நானும் தாளோடு நின்றேன். பன்றி இரவில் வருகிற சாமான் என்பதை யாரிடம் சொல்வது!

கண்ணி வைக்கலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது. காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. பன்றிக்கென்று கட்டும் கம்பிக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு அதைவிட மோசம், ஆளையே கொல்லும். ஆகவே பயிர்ப் பாதுகாப்புக்கு முறையாக விண்ணப்பித்து ஒரு துவக்கு எடுப்போம் என்று கிராம சேவகரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான், விதைக்கிழங்கு வாங்கும் இடத்தில் அறிமுகமான ஒருவர் மூலம் இந்தப் புரோக்கர் வந்து சேர்ந்தார்.

ஆள் நன்றாகப் பேசுவார். காலமாகிப்போன தோட்டத்துரை ஒருவருடைய துவக்காம், குடும்பம் வெளிநாடு போகிறதாம், அதனால் அவசரமாம். 2024 கடைசியில் தற்பாதுகாப்புக்கென வழங்கியிருந்த துவக்குகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததல்லவா, அதையும் கதைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்: "எல்லாரும் பயந்து விற்கிறார்கள் அண்ணே, இப்போது எடுத்தால்தான் மலிவு." இன்னொரு நாள் உற்சாகம் கூடி, ரோஜர்ஸ் துரை யானை சுட்ட காலத்துச் சாமான் என்றார். நூற்றுக்கணக்கில் யானை சுட்டுத் தள்ளிய வெள்ளைக்கார மேஜர் ரோஜர்ஸ் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தது 1845இல். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்ததாகக் கதை சொல்வார்கள். இந்த பிர்னோ .22 ரகமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இடையில் நூறு வருடம். நான் சிரித்துவிட்டேன், அவரும் சேர்ந்து சிரித்தார்.

விலை 450,000. எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். ரைபிளுக்கு 250,000, கண்ணாடிக்கு 75,000, லைசன் மாற்றும் செலவு 125,000 என்று பிரித்துச் சொன்னார். அந்த மூன்றாவது தொகையைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும், பிறகு வருகிறேன். துவக்கின் விபரம் இல்லாமல் விண்ணப்பத்தில் என்ன எழுதுவீர்கள், முற்பணம் வந்தால்தான் துவக்கை எடுத்துக் காட்டி இலக்கமும் தருவோம் என்றார். அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பார்க்கப் போனபோது நான் கூட்டிப்போனது எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற இராணுவக்காரர் ஒருவரை. ஆயுதம் திருத்தும் பிரிவில் வேலை பார்த்தவர். சிங்களவர், என்னை மல்லி (தம்பி) என்பார், நான் சார்ஜன்ட் அண்ணன் என்பேன். ஒரு வீட்டின் பின்பக்க அறையில் உறையைத் திறந்து காட்டினார்கள். முதல் பார்வைக்கு அழகுதான். கருநீலப் பளபளப்பு, வார்னிஷ் அடித்த வால்நட் கட்டை.

சார்ஜன்ட் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மெகசினைக் கழற்றினார், போல்டைத் திறந்தார், உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பார்த்தார். பிறகு போல்டை முழுதாக உருவி மேசையில் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை மடித்து குழலின் பின்பக்கம் வெளிச்சத்துக்குப் பிடிக்கச் சொன்னார். முன்பக்கமாக உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வரிவரியாகச் சுற்றிப்போகும் தவாளிப்பு பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புக் குழிகள். பாதித் தூரத்தில் ஒரு நிழல் வளையம் வேறு. "குழலுக்குள் என்னவோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள் மல்லி, அந்த இடம் உள்ளே வீங்கிவிட்டது" என்றார்.

அப்புறம் வாய்ப்பக்கம். .22 ரவை வெறும் ஈயம், அழுத்தமும் குறைவு, அதைச் சுட்டே குழலைத் தேய்ப்பது லேசில் நடக்காது. முன்பக்கமாகக் கம்பி விட்டுத் துடைத்துத்தான் கெடுப்பார்கள் என்று சொன்னார். ரவை வெளியேறும் விளிம்பு வட்டமாக, கூராக இருக்க வேண்டும். ஒரு பக்கமாக அது தேய்ந்துபோனால் எவ்வளவு நல்ல கம்பெனித் துவக்கும் சொன்ன இடத்தில் சுடாது. இதில் விளிம்பு முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. தோல் உறையும் எங்கள் மலைப்பனிக்கு ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னக் கொடுக்கும். துரைமார் பங்களாவில் இதெல்லாம் எண்ணெய் பூசி, உறை இல்லாமல், காற்றோட்டமான அலுமாரியில்தான் நிற்குமாம்.

வெளிப் பளபளப்பும் புதுப்பூச்சுதான். குழலில் அடித்திருந்த எழுத்துகள் கரைந்துபோய் மங்கலாக இருந்தன, கூராக இருக்க வேண்டிய ஓரங்கள் மழுங்கியிருந்தன. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே நீலம் ஏற்றினால் இப்படித்தான் ஆகுமாம். கட்டையைப் பிடிக்கும் திருகாணிகளின் தலையெல்லாம் பிய்ந்திருந்தது.

கடைசியாக இலக்கம். புரோக்கர் ஒரு லைசன் போட்டோகொப்பி தந்திருந்தார். அதிலுள்ள இலக்கமும் துவக்கில் உள்ளதும் ஒன்றுதான். அவர்கள் முகத்தில் அப்படியொரு திருப்தி. சார்ஜன்ட் அண்ணன் போனில் டோர்ச்சைப் போட்டுச் சாய்வாகப் பிடித்தார். கடைசியில் இருந்த 8இன் வலது பாதி மற்ற இலக்கங்களைப் போலவே மங்கலாக இருந்தது. இடது பாதி மட்டும் ஆழமாக, கூராக, நேற்று வெட்டியது மாதிரி. 3 ஆக இருந்ததை 8 ஆக்கியிருக்கிறார்கள். கொப்பியில் இருக்கிற துவக்கு வேறு எங்கோ இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. மேசையில் கிடந்தது யாருடைய துவக்கோ, யாருக்குத் தெரியும். 1988-89 ஜே.வி.பி. கலவரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் வீடு வீடாகப் பறிபோன துவக்குகள் எத்தனை!

சார்ஜன்ட் அண்ணன் போல்டைத் திரும்பப் போட்டு, உறையை மூடி, "சரி, யோசித்துச் சொல்கிறோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு எழுந்தார். வேனுக்கு வந்த பிறகுதான் மிச்சத்தைப் பேசினார்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், 75,000 கேட்டார்களே. 6-24x50 என்று எழுதி, சிவப்பும் பச்சையும் எரிகிற விளக்கு வேறு. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்றது. நியூசிலாந்தில் பால் பண்ணையில் வேலை பார்க்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அவர் அங்கே லைசன் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். .22க்கு 24 மடங்கு பெருக்கம் எதற்கு என்று கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு நீள வொய்ஸ் அனுப்பினார். அங்கே புதிதாக எடுப்பவர்கள் பின்லாந்து டிக்கா, ஜப்பான் ஹோவா, அமெரிக்காவின் ரூகர் என்று பார்ப்பார்களாம். இன்றைக்கு நடுத்தர விலை போல்ட் ரைபிளே நூறு மீட்டரில் தீப்பெட்டிக்குள் அடக்கிச் சுடும்; அதற்கு மேல் கொடுக்கிற காசு மரக்கட்டைக்கும், மெருகுக்கும், போல்ட் வழுக்கிக்கொண்டு போகிற சுகத்துக்கும்தான் போகிறது. மலிவு ரகத்தில் காசை மிச்சம் பிடிப்பது பிளாஸ்டிக் கட்டையில்: இறுக்கிப் பிடித்தால் வளைந்து குழலில் முட்டும், குறி தவறும். கட்டைக்கும் குழலுக்கும் இடையில் ஒரு ரூபா நோட்டை விட்டு இழுத்துப் பார், தடையில்லாமல் போகிறதா என்று கவனி என்றார். பழைய மவுசர் 98 பாணி போல்டுக்கு இன்னும் ஏன் மதிப்பு என்றும் சொன்னார். தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய நகம் அதில் இருப்பதால், அவசரத்தில் தோட்டா சிக்காதாம். "காசில் பாதி துவக்குக்கு, பாதி நல்ல கண்ணாடிக்கு. ஆனால் பழைய துவக்கென்றால் முதலில் குழலைப் பார், பேரைப் பார்க்காதே."

சரி, குழல் நன்றாகவே இருந்தது என்று வையுங்கள். அப்போதும் எங்கள் தேவைக்கு இது காசுக்குப் பெறுமதியான சாமான் அல்ல. .22 ரவை பன்றிக்குப் போதாது. காயப்பட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், காலையில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் மீதுதான் பாயும். மறுபக்கம், தவறிப்போன ரவை போகும் தூரம். .22 தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். கல்லில் பட்டால் திசை மாறியும் போகும். எங்கள் சரிவுக்குக் கீழே லயம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ரோட்டு, கோயில். பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு சிதறும் சிறு சன்னம் சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கு ஊர்ப்பக்கம் அந்த ரகத்தையே வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பன்றிக்குப் போதுமான பெரிய ரைபிள் என்றால் ரவை அதைவிட இன்னும் தூரம் போகும், அதை இந்த மலைச்சரிவில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? மானையும் மரையையும் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதால் "வேட்டைக்கும் ஆகும்" என்ற புரோக்கர் பேச்சுக்கும் மதிப்பில்லை.

இப்போது அந்த 125,000. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். துவக்கு லைசன் வாகனத்தின் புத்தகம் மாதிரி சாமானோடு சேர்ந்து கைமாறுவதல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அது ஆளுக்குக் கொடுப்பது, அந்த ஆளிடம் உள்ள குறிப்பிட்ட துவக்குக்குக் கொடுப்பது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. ஆள் இறந்தால் அவருடைய பிள்ளைகூட அனுமதி எடுக்காமல் அதை வைத்திருக்க முடியாது. ஆகவே "லைசனோடு துவக்கு" என்று ஒரு சாமான் இந்த நாட்டில் விற்பனைக்கு இல்லை. முதலில் உங்கள் பேரில் அனுமதி, அதற்குப் பிறகுதான் துவக்கு. புரோக்கரோ, "நீங்கள் கொண்டுபோய் வையுங்கள், ஐயா பேரிலேயே நாங்கள் வருடம் வருடம் புதுப்பித்துத் தருகிறோம்" என்றார். செத்தவர் பேரில்! அந்தத் துவக்கோடு நான் வீதிச் சோதனையில் மாட்டியிருந்தால் லைசன் இல்லாத, இலக்கம் மாற்றிய ஆயுதம் வைத்திருந்தவன் நான்தான். 1996 திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கடுமை. தமிழன் வீட்டில் அப்படியொன்று அகப்பட்டால் கேள்வி பன்றியோடு நிற்காது என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் அடுத்த கிழமை, பிறகு போயா முடிந்து, பிறகு அறுவடை முடிந்து. இரண்டு தவணையாக 40,000 வந்தது. மீதியைக் கேட்டபோது, துவக்கு விற்பனைக்குப் பார்த்தது பொலிஸுக்குத் தெரிந்தால் உங்களுக்குத்தான் வில்லங்கம் என்று மிரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. கடிதம், பணம் போட்ட பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சார்ஜன்ட் அண்ணனையும் கூட்டிப்போய் பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டேன். அனுமதிக்குக் கட்டுப்பட்ட முற்பணம் என்று கடிதத்திலேயே இருப்பதால் எனக்கு ஒரு வில்லங்கமும் வரவில்லை.

போன கிழமை அதே ரைபிளின் படம் வேறொரு வட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. இப்போது கண்ணாடி இல்லை, தோட்டத்துரை கண்டிக்காரர் ஆகிவிட்டார், விலை 380,000க்கு இறங்கியிருக்கிறது. கட்டையின் வலது பக்கம், விசைக்கு மேலே விரல் நீளத்தில் ஒரு வெடிப்பை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். ஏற்கெனவே முற்பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் உங்கள் பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறைப்பாடு இருந்தால் ஆளைப் பிடிப்பது சுலபம் என்று அங்கே சொன்னார்கள். என் முறைப்பாட்டு இலக்கம் வேண்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், தருகிறேன்.