80 மணி நேர வேலையா, வொர்க்ஃபேரா?

அமெரிக்காவின் ஸ்நாப் உணவு உதவியில் 2025 ஜூலைச் சட்டம் வேலை விதியை 64 வயது வரை நீட்டிவிட்டது, முன்பு 54. உடல் தகுதி இருந்து, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இல்லாதவர் விதியை நிறைவேற்றாவிட்டால், 36 மாதத்தில் 3 மாதம்தான் உதவி. கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு. விதியை நிறைவேற்ற இங்கே ஒப்பிடும் இரண்டு வழிகள்: மாதம் 80 மணி நேர வேலை, அல்லது வொர்க்ஃபேர், அதாவது உதவித்தொகைக்கு ஈடாகச் சம்பளமில்லாமல் வேலை செய்வது.

நேரம்
வேலை: மாதம் 80 மணி. சம்பளமில்லாத தொண்டும் சேரும்.
வொர்க்ஃபேர்: மாத உதவித்தொகையைக் குறைந்தபட்ச மணிக்கூலியால் வகுத்தால் வரும் மணி. 290 டாலரை 7.25ஆல் வகுத்தால் 40 மணி. மாநிலக் கூலி உயர்ந்தால் மணி இன்னும் குறையும்.

பணம்
வேலை: சம்பளம் வரும், உதவி குறையும். ஆனால் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள்.
வொர்க்ஃபேர்: கையில் காசு வராது.

சிக்கல்
வேலை: ஷிஃப்ட் குறைந்தால் 80 எட்டாது. சம்பளச் சீட்டையும், தொண்டுக்கு மணிக்கணக்கு எழுதிய கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.
வொர்க்ஃபேர்: எல்லா ஊரிலும் கிடைக்காது, முதலில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: வாரச் சம்பளம் 217.50 டாலரைத் தொட்டால் 80 மணிக் கணக்கே வேண்டாம். மணிக்கு 15 டாலர் வாங்குபவருக்கு வாரம் 15 மணி போதும்.

சம்பள வேலை கையில் இருந்தால் அதுவே மேல். வேலை கிடைக்காதவருக்கு, உள்ளூரில் இருந்தால், வொர்க்ஃபேர். இரண்டும் இல்லையென்றால் தொண்டு. வேலை தேடுவது மட்டும் இதில் சேராது.