போல்ட் கரகரத்ததற்கு 140 டாலர் அழுதேன். காரணம் ஒரு திருகு

மிஷிகனில் மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் கடையிலேயே மாட்டித் தரச் சொல்லப் போகிறவர்களுக்கு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு கடை, அவ்வளவுதான். இதே கோளாறை எந்தக் கடையிலும் செய்து கொடுப்பார்கள் என்பதால் பெயர் தெரிந்தும் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

2022 அக்டோபர். இங்கே துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் முக்கிய சீசன் நவம்பர் 15 அன்று தொடங்கி 30 அன்று முடியும். எந்தக் கிழமையானாலும் தேதி மாறாது. கூட வேலை செய்யும் ஒருவர் கிரேலிங் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அதையும் முடித்து, உரிமமும் வாங்கியாயிற்று. துப்பாக்கி மட்டும்தான் பாக்கி.

.308 வின்செஸ்டர் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை எடுத்தேன். போல்ட் என்றால் நம்மூர் நட்டு போல்ட் இல்லை. தோட்டாவை அறைக்குள் தள்ளி, பின்னாலிருந்து பூட்டுகிற எஃகு உருளை. அதன் முன் நுனியில் இரண்டு காதுகள் இருக்கும், லக் என்பார்கள். உருளை முன்னும் பின்னும் ஓடும்போது அந்தக் காதுகள் போல்ட் ஓடும் உடல்பகுதியான ரிசீவரின் இரண்டு பக்கக் காடிகளில் ஓடும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் உருளை கால் வட்டம் திரும்பி, ஒரு காது மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்று பூட்டிக்கொள்ளும். இந்தக் கால் வட்டத்தை நினைவில் வையுங்கள். என் 140 டாலர் போனது அங்கேதான்.

கல்லாவில் நின்றபடி ஐந்தாறு தடவை இழுத்துப் பார்த்தேன். ஓட்டத்தில் லேசான சொரசொரப்பு இருந்தது. புதுக் காடியில் வெட்டுளி ஓடிய வரிகள் இருக்கத்தான் செய்யும், மேலே கம்பெனியில் தடவி அனுப்பும் கெட்டி எண்ணெய் வேறு. ஆனால் கைப்பிடி ஒற்றை விரலில் கீழே இறங்கியது. துப்பாக்கி வாங்குபவர் தர வேண்டிய 4473 படிவத்தை நிரப்பினேன், எஃப்பிஐ பின்னணிச் சோதனை சில நிமிடத்தில் முடிந்தது. ஸ்கோப், ரிசீவர் மேல் திருகும் தாங்கிகளாக முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என இரண்டு பேஸ், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் எல்லாம் எடுத்தேன். மாட்டுக்கூலி 45 டாலர். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். வந்தேன், பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடையிலேயே இன்னொரு தடவை போல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. முதல் தப்பு என்னுடையது.

அன்று இரவு பேஸ்மென்ட்டில் வைத்து இழுத்தால், கைப்பிடி முக்கால்வாசி இறங்கிய இடத்தில் ஒரு ‘கரக்’. மண் விழுந்த பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி. கொஞ்சம் அழுத்தினால் தாண்டிவிடும், தூக்கும்போது மறுபடியும் அதே இடத்தில் உரசும்.

கடைக்கு போன் போட்டேன். “புதுசு அப்படித்தான் இருக்கும். இருநூறு தடவை இழுத்து விடுங்கள், பழகிவிடும்” என்றார்கள். இது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஏமாந்தேன். காடியில் இருக்கும் சொரசொரப்பு இழுக்க இழுக்க நிஜமாகவே குறையும். இருநூறு தடவை இழுத்தேன், டிவி முன்னால் உட்கார்ந்து. “என்னங்க, அதுக்கு ஜுரமா? ராத்திரி பூரா முனகிட்டே இருக்குது” என்று வீட்டில் கேட்டார்கள். ஓட்டம் வழுவழுப்பானது. ‘கரக்’ அப்படியே இருந்தது.

திரும்பக் கொண்டுபோனேன். கல்லாவில் இருந்தவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “லக்குகளை அரைக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து நன்றாகப் பொருந்த வைத்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், 140 டாலர்” என்றார். திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, பெயர் மாறிய துப்பாக்கியை எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். நவம்பர் 15 நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூர்ப் பட்டறையில் தொழில் பழகி, இங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் மெஷினிங் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எது எதில் உரசுகிறது என்று கேட்காமல் ஒரு உலோகத்தைத் தேய்க்கக் கொடுத்தேன். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

பத்து நாள் கழித்து வந்தது. லக்குகளின் பின்முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. வீட்டுக்கு வந்து இழுத்தேன். ‘கரக்.’

அப்போதுதான் புத்தி வந்தது. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன், தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றினேன், துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காலியா என்று பார்த்தேன். மேகசின் இல்லாமலும் உரசியது; அப்படியானால் மேகசினுக்குள் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தட்டு போல்ட்டின் அடியில் இடிக்கவில்லை. போல்ட்டை வெளியே எடுத்து எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தேன். பட்டறையில் இரண்டு பாகம் எங்கே தொடுகிறது என்று பார்க்க பிரஷ்யன் புளூ என்ற நீல மை தடவுவோம். வீட்டில் அது ஏது? மகளின் பள்ளிப் பையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து இரண்டு லக்குகளுக்கும் எல்லாப் பக்கமும் பூசி, காயவிட்டு, மெதுவாக ஒரே ஒரு தடவை பூட்டித் திறந்து வெளியே எடுத்தேன்.

கடைக்காரர் தேய்த்த பின்முகத்தில் மை சீராகப் போயிருந்தது. அது ஒழுங்காகத்தான் இருந்தது. இடது லக்கின் வெளி விளிம்பில், உளுந்து அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் மை வழித்தெடுத்த மாதிரி போய், அடியில் வெள்ளைக் கீறல் தெரிந்தது. கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது இடது லக்தான் சுழன்று உச்சிக்கு வரும். உச்சியில் என்ன இருக்கிறது? டார்ச்சை ரிசீவருக்குள் அடித்துப் பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு திருகின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன் பேஸின் பின்பக்கத் திருகு அது. ரிசீவருக்கு மேலே அந்தத் துளை இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் லக் சுழலும். ஸ்கோப்பை இறக்கி, அந்த ஒரு திருகை மட்டும் கழற்றி போல்ட்டைப் போட்டேன். கைப்பிடி ஒற்றை விரலில் இறங்கியது, கடையில் முதல் நாள் இறங்கின மாதிரியே.

பேஸ் பாக்கெட்டில் 6-48 அளவு மரையில் நான்கு திருகு வந்திருக்கிறது, இரண்டு குட்டை, இரண்டு நீளம். குட்டை முன்னுக்கு, நீளம் பின்னுக்கு. மாட்டியவர் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டார். நீளம் உள்ளே நீட்டிக்கொண்டு லக்கைச் சுரண்டியது போக, பின் பேஸில் போட்ட குட்டைத் திருகு இரண்டே மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே நிலையில் நாலு குண்டு சுட்டிருந்தால் ஸ்கோப் நகர்ந்து, நான் என் குறி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கோபம் திருகு மாறியதில் இல்லை. கை தவறும், யாருக்கும் நடக்கும். ஸ்கோப் மாட்டிய பிறகு தொடங்கிய உரசலுக்கு ஸ்கோப்பைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், நல்லா இருந்த லக்கைத் தேய்த்துக் காசு வாங்கினார்களே, அதில்தான்.

லக்கின் பின்முகத்தைத் தேய்ப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அங்கே எவ்வளவு உலோகம் போகிறதோ அவ்வளவுக்குப் போல்ட் பின்னால் நகரும். பூட்டிய பிறகு தோட்டா உட்காரும் இடத்தின் நீளம், அதாவது ஹெட்ஸ்பேஸ், அதிகமாகும். இதைச் சரிபார்க்கும் உலோக அளவுக்கட்டைதான் கேஜ்; ‘கோ’வில் போல்ட் பூட்ட வேண்டும், ‘நோ-கோ’வில் பூட்டக் கூடாது. .308க்கு ‘கோ’ கேஜ் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ 1.634. நடுவில் இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர். அளவு மீறினால் சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு அடியோரத்தில் பிளக்கலாம், அந்தச் சூட்டு வாயு முகத்துக்கு அருகில்தான் வெளியேறும். சில ரைஃபிள்களில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியிருப்பார்கள். தேய்த்தால் அதுவும் போய்விடும்.

பயந்துபோய், வேறு ஊரில் இருக்கும் துப்பாக்கி பழுதுபார்க்கும் வயதான கன்ஸ்மித் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ‘கோ’ கேஜில் போல்ட் பூட்டியது, ‘நோ-கோ’வில் பூட்டவில்லை. தப்பித்தேன். 30 டாலர் வாங்கினார், அதில் எனக்கு வருத்தமே இல்லை. கேஜைத் துடைத்து வைத்துக்கொண்டே, ரிசீவரைத் துப்பாக்கியின் கட்டையோடு இணைக்கும் முன்பக்க ஆக்‌ஷன் திருகு நீளமாக இருந்தாலும் இதே மாதிரி லக்கில் இடிக்கும் என்றார். கட்டையைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் முன் திருகையும் பின் திருகையும் மாற்றிப் போட்டுவிடுவார்களாம். இன்னொன்றும் சொன்னார். கைப்பிடியைத் தூக்கும்போது கனமாக இருந்தால் அது கோளாறே இல்லை. மவுசர் 1898இல் செய்த வழியில், தூக்கும்போதே சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகுகிறது. மூன்று லக் வைத்து 70 டிகிரியில் தூக்கும் மாடல்களில் இன்னும் கனமாகத்தான் இருக்கும். அதற்கும் ‘பாலிஷ்’ என்று காசு பிடுங்குகிற இடங்கள் உண்டு.

துப்பாக்கி செய்த கம்பெனிக்கு எழுதினேன். வெளியாள் லக்கைத் தேய்த்திருப்பதால் போல்ட்டுக்கு இனி வாரன்டி கிடையாது என்று பதில் வந்தது. முதலிலேயே நேராக அவர்களுக்கு அனுப்பியிருக்கலாம். பழுதுபார்க்கப் போகும் துப்பாக்கியைக் கம்பெனி நம் வீட்டு முகவரிக்கே திருப்பி அனுப்ப அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மறுபடி கடை, மறுபடி 4473 எதுவும் தேவையில்லை. இதைக் கல்லாவில் யாரும் சொல்லவில்லை.

கடை மேலாளரிடம் திருகையும் மார்க்கர் பூசின போல்ட்டின் படங்களையும் காட்டினேன். 45 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். 140ஐக் கேட்டதற்கு, “அது நாங்கள் செய்த வேலைக்கு. வேலை நன்றாகத்தானே செய்திருக்கிறோம்” என்றார். லக் பளபளப்பது உண்மைதான், மறுக்க முடியவில்லை.

கடையில் ஸ்கோப் மாட்டக் கொடுத்தால், காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே போல்ட்டை முழுக்க இழுத்து, கைப்பிடியைக் கடைசி வரை இறக்கிப் பாருங்கள். மாட்டுவதற்கு முன்பும் ஒரு தடவை பார்த்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும். மிச்சத் திருகுகளைக் கேட்டு வாங்குங்கள். உரசினால் முதலில் எண்ணெயைத் துடையுங்கள், மேகசினைக் கழற்றிப் பாருங்கள், பேஸ் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மார்க்கருக்குப் பெரிய செலவில்லை. எந்த இடத்தில் மை போகிறது என்று உங்கள் கண்ணால் பார்க்கும்வரை யாரையும் பேஸ்ட் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

நவம்பர் 15 கிரேலிங்கில் குளிரில் விறைத்ததுதான் மிச்சம், மான் ஒன்றும் வரவில்லை. பின் பேஸுக்குப் புது நீளத் திருகு வாங்கிப் போட்டிருக்கிறேன். பழையது மேசை டிராயரில் கிடக்கிறது, நுனி ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்துபோய். இருநூறு தடவை இழுத்ததில் பழகியது அது ஒன்றுதான்.