ஆறு வருஷம் தனியாக, ஆறு வருஷம் சேர்ந்து: என் கிட்டார் அனுபவம்

கிட்டார் வாங்கி இந்த ஆடியோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. 2013-ல் மதுரையில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக். முதல் ஆறு வருஷம் தனியாகவே வாசித்தேன். அடுத்த ஆறு வருஷம், கொரோனா தின்றது போக, மூன்று பேரோடு சேர்ந்து வாசிக்கிறேன். காரைக்குடியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் பையன்கள், "அண்ணே, வீடியோ பார்த்துத் தனியாவே கத்துக்கலாமா, ஆள் சேர்க்கணுமா?" என்று கேட்கிறார்கள். கவுன்ட்டரில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளத்தூர். அப்பா அங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். பொங்கல், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்று வந்தால்தான் எல்லாக் கதவும் திறக்கும். மற்ற நாளில் அப்பாவும் சாவிக்கொத்தும் மட்டும்தான். கடை அடைத்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். சுற்றிலும் தூண், வழுவழுவென்று சுண்ணாம்புச் சுவர், நடுவில் வானம். ஒரு ஜி கார்டைப் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவதுதான் கார்டு) போட்டு விட்டால் சத்தம் இரண்டாங்கட்டு வரை போய்த் திரும்பி வரும். அப்பா முகப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். "இன்னைக்கு நல்லாருக்கு" என்றோ, "நேத்துத்தான் நல்லாருந்துச்சு" என்றோ ஒரு வார்த்தை வரும். எனக்கு இருந்த ஒரே ரசிகர் அவர்தான்.

தனியாக வாசித்ததில் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஃப் கார்டு ஒன்றுக்கு மட்டும் ஐந்து மாசம் ஆனது. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அமுக்கி, மற்ற மூன்று விரலை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். ஒரு கம்பி பேசினால் இன்னொன்று ஊமையாகிவிடும். அதை ஒரு ராத்திரியில் ஐம்பது தடவை போட்டாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. பிடித்த பாட்டின் நாலு நொடித் துண்டை ஒரு வாரம் முழுக்க மெதுவாக வாசிக்கலாம். விரல் நுனி காய்ப்புக் காய்க்கிற வரைக்கும் இந்தத் தனிமை ரொம்பத் தேவை. கூட்டத்தில் போய் யாரும் எஃப் கார்டு பழக முடியாது.

ஆனால் அந்த வளவு என்னிடம் ஒன்றை மறைத்துவிட்டது. எதிரொலி எல்லாவற்றையும் மெழுகிவிடும். கம்பி கரகரப்பது, ஒரு கம்பி செத்துக் கிடப்பது, விரல் தாமதமாக வந்து சேர்வது எதுவும் காதில் விழாது. 2018 தையில் அப்பா தவறிவிட்டார். சாவிக்கொத்து வேறு ஆளிடம் போனது. எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தபோதுதான் என் கிட்டாரின் உண்மையான சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்துபோன சத்தம். ஒருநாள் போனில் பதிவு செய்து, தாளத்துக்கான செயலியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 84 தட்டில் ஆரம்பித்த பாட்டு 97-ல் முடிந்திருந்தது. எளிதான இடத்தில் ஓடியிருக்கிறேன். எஃப் கார்டு வரும் இடத்திலெல்லாம் ஒரு மூச்சு நின்றிருக்கிறேன். ஆறு வருஷமாகப் பாட்டுதான் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச மாசம் கிட்டாரைத் தொடவே மனசு வரவில்லை.

2019-ல் ஒரு ஐயா கடைக்கு வந்தார். மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது என் இடது கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நுனியில மட்டும் காய்ப்பு? வீணையா?" என்று கேட்டார். கிட்டார் என்றேன். தான் நாற்பது வருஷமாக ஆர்மோனியம் வாசிப்பதாகவும், கோட்டையூரில் சனிக்கிழமை ராத்திரி நாலு பேர் உட்காருவதாகவும் சொன்னார். "நாலாவது ஆள் வரலை. நீங்க வாங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் கிட்டாரைப் போன் செயலியில் ஆறு கம்பியும் பச்சை விளக்கு எரிகிற மாதிரி சுருதி சேர்த்துக்கொண்டு போனேன். ஐயா ஒரு கார்டு பிடித்தார், நானும் பிடித்தேன். பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. அவருடைய ஆர்மோனியம் பழையது, போன் செயலி வைத்துக்கொள்ளும் 440 என்ற சுருதி அளவை விடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஆர்மோனியத்தின் நாக்கை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது. நான்தான் போக வேண்டும். ஐயா ஆறு கட்டை என்கிற சுருதியை, அதாவது கிட்டாரில் நம் ஏ-யை, அமுக்கிப் பிடித்துக்கொண்டு துருத்தியை மெதுவாக அசைத்தார். "போனை உள்ள வைங்க தம்பி. இதைக் கேளுங்க" என்றார். ஐந்தாவது கம்பியை மீட்டினேன். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் வாவ்வாவ்வாவ் என்று ஓர் அலை அடித்தது. முறுக்காணியை ஒரு மயிரிழை திருப்பினேன். அலை மெதுவானது. வா… வா… என்று இழுத்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அலை நின்று இரண்டும் ஒன்றாகிப் படுத்துக்கொண்டது. மற்றக் கம்பிகளை அதை வைத்து, கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் ஐந்தாவதில், அதாவது ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன் (மூன்றாம் கம்பிக்கு மட்டும் நாலாம் ஃப்ரெட்). ஆறு வருஷத்தில் கண்ணால் சுருதி சேர்த்தவன் அன்றைக்குத்தான் காதால் சேர்த்தேன். அந்த ஒரு ராத்திரிக்காகவே நான் கூட்டத்துக்குப் போனதைக் கொண்டாடுவேன்.

பாடுகிறவர் ஆச்சி. வயது எழுபதுக்குப் பக்கம். "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்றார். எனக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. தெரியாதவர்களுக்காக: கட்டை என்பது பாடுகிற சுருதியைச் சொல்லும் கணக்கு. ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கிடுக்கி) முதல் ஃப்ரெட்டில் மாட்டி ஜி வடிவத்தைப் பிடித்தால் ஆச்சியின் சட்ஜம் வந்துவிடும். தனியாக வாசித்த காலத்தில் கேப்போ எனக்குத் தேவையே படவில்லை, ஏனென்றால் என் தொண்டைக்கு எது வசதியோ அதில் முனகிக்கொள்வேன். சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல கேப்போ வாங்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மலிவுக் கேப்போ கம்பியைக் கோணலாக இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

டோலக் வாசிக்கிற தம்பி புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மெக்கானிக். அவன் இரண்டு தட்டுத் தட்டினால் என் விரல் வாசிப்பு காணாமல் போய்விடும். முதல் மாசம் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. வயலினையும் தவிலையும் ஒரே மேடையில் வைத்துக் கச்சேரி செய்த குன்னக்குடி வைத்தியநாதன் எங்கள் பக்கத்துக்காரர். அதை நினைத்து எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். விரலுக்குப் பதிலாக பிக் என்கிற சின்னத் தகடு பிடித்து வாசிக்கப் பழகினேன். அதோடு 12 என்கிற தடிமன் கம்பியில் இருந்து மெல்லிய 11-க்கு இறங்கியிருந்தவன் மறுபடி 12-க்கே போனேன். விரலுக்கு வலி, ஆனால் சத்தம் நிற்கும்.

அப்புறம்தான் பெரிய பாடம் வந்தது. சத்தம் வந்ததும் நான் விடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். தனியாக வாசிக்கும்போது எல்லா வேலையும் நாமே செய்ய வேண்டும்: தாளம், சுருதி, பாட்டு, இடைவெளி நிரப்புவது. அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. ஐயா வாசிப்பை நிறுத்தி, "தம்பி, ஆர்மோனியப் பெட்டி நடுவுல இருக்கு, டோலக் கீழ இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. அடுத்த பாட்டில் நாலு தட்டுக்கு ஒருதரம் மட்டும், அதுவும் மேல் நாலு கம்பியில் மட்டும் தட்டச் சொன்னார். எட்டுத் தட்டில் இரண்டே தட்டு. மிச்ச ஆறிலும் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதில் ஆச்சியின் குரல் எங்கே மூச்சு வாங்குகிறது, தம்பியின் இடது கை எப்போது தோலை அழுத்துகிறது எல்லாம் கேட்டது.

மோகன ராகம் இன்னொரு கதை. ஆச்சிக்கு மோகனத்தில் நிறையப் பழைய பாட்டுகள். ஜி வடிவத்தில் நான் ஜி, சி, டி என்று மூன்றையும் தாராளமாகப் போட்டேன். சி வரும்போதெல்லாம் ஆச்சியின் புருவம் சுருங்கியது. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். மோகனத்தில் ச ரி க ப த மட்டும்தான். மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. ஜி-யைச் சட்ஜமாக வைத்தால் சி என்பது மத்தியமம். டி கார்டில் எஃப் ஷார்ப் இருக்கிறது, அது நிஷாதம். இல்லாத இரண்டு ஸ்வரத்தையும் நான் வரிசையாக உள்ளே விட்டிருக்கிறேன். சினிமாப் பாட்டில் அப்படி வருவது அழகாகவே இருக்கும். ஆச்சியின் பாட்டுக்கு அது ஒட்டவில்லை. சி-க்குப் பதிலாக ஈ மைனர் வைத்தேன், அதில் உள்ள த, ச, க மூன்றும் மோகனத்துக்குச் சொந்தம். டி கார்டில் எஃப் ஷார்ப் முதல் கம்பியில்தான் விழுகிறது. அந்த ஒரு கம்பியை மட்டும் அடிக்காமல் விட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆச்சி பாடி முடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன தம்பி செஞ்சீக, இடிக்கவே இல்லையே" என்றார். தனியாக இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் அந்த சி-யைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

எஃப் கார்டில் நிற்கிற வியாதி மூன்றே வாரத்தில் போனது. டோலக் காத்திருக்காது. கை போய்ச் சேராவிட்டால் கிடைத்த மூன்று கம்பியை மட்டும் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். அப்படி அரைகுறையாகத் தட்டித் தட்டியே முழுக் கார்டும் நேரத்துக்கு வர ஆரம்பித்தது. காவடிப் பாட்டுக்கு மூன்று மூன்றாக வரும் தகிட தகிட நடை மட்டும் ரொம்பப் படுத்தியது. நான் பழகியதெல்லாம் நாலு நாலாக. தம்பி என் தொடையிலேயே தட்டிக் காட்டினான்.

கூட்டத்தில் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. வருஷத்தில் ஐம்பது சனிக்கிழமை என்றால் முப்பதுதான் நாலு பேரும் சேர்ந்திருப்போம். முகூர்த்த மாசத்தில் தம்பி வேறு இடத்துக்கு வாசிக்கப் போய்விடுவான். எனக்குப் பிடித்த பாட்டு பல ஆச்சிக்குப் பிடிக்காது, அதை விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் இன்னொரு கிட்டார்க்காரர் நாலு வாரம் வந்தார். இரண்டு பேரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் அடித்து, சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. வருத்தப்பட்டு அவர் நின்றுவிட்டார். இதே காரைக்குடியின் பெயரோடு சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இரண்டு வீணையைச் சேர்த்து வாசித்துப் புகழ்பெற்றார்கள். இரண்டு கிட்டாருக்கு வழி இல்லாமல் போகுமா? நான் கீழே ஜி வடிவத்தில் இருக்க, அவர் ஆறாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி டி வடிவத்தில் மேலே வாசித்திருக்கலாம். இரண்டும் அதே ஐந்தரைக் கட்டைதான். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அவரை இழந்தது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2020-ல் எல்லாம் நின்றது. போனில் வீடியோ அழைப்புப் போட்டுச் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். நடக்கவே நடக்காது. என் தட்டு அங்கே போய்ச் சேர்ந்து, அதைக் கேட்டு அவர்கள் வாசிப்பது திரும்பி வருவதற்குள் ஒரு தட்டு கடந்திருக்கும். நான் அவர்களுக்காக நிற்க, அவர்கள் எனக்காக நிற்க, பாட்டு தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. அந்த ஒன்றரை வருஷம் மறுபடி தனிமை. ஆனால் இந்த முறை தனியாக வாசித்தபோது டோலக் எங்கே விழும் என்று மனசுக்குள் கேட்டது. ஒருமுறை அப்பாவின் குரலும் கேட்ட மாதிரி இருந்தது.

கிட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் மரத்தைக் காய வைக்கும், ஐப்பசி மழை ஊற வைக்கும். கழுத்து கொஞ்சம் வளைந்து கம்பி உயர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய, கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை ஆலன் கீ வைத்துக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். தனியாக வாசித்தபோது வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பி மாற்றுவேன். இப்போது இரண்டு மாசத்துக்கு ஒருமுறை, ஏனென்றால் பழைய கம்பி ஆர்மோனியத்தோடு ஒட்டாமல் மந்தமாகக் கிடக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடியிலும் துடைப்பேன். வியர்வைதான் அதற்கு எமன்.

கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாசம், அதிகம் போனால் ஒரு வருஷம் தனியாக இருங்கள். ஜி, சி, டி, ஈ மைனர் நாலும் கை பார்க்காமல் வந்தால் போதும், யாரையாவது தேடிக்கொண்டு போய்விடுங்கள். கிட்டார்க்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. பஜனை மடத்துப் பெரியவர், கோயிலில் பாடுகிற அக்கா, யாராக இருந்தாலும் சரி. ஆறு வருஷம் நான் காத்திருந்தது அதிகம். இப்போதும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் தனியாகத்தான் வாசிக்கிறேன், சனிக்கிழமை எங்கே தடுக்கியதோ அந்த இடத்தை மட்டும்.

ஆச்சிக்கு இந்த வருஷம் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. போன மாசம் பாட உட்கார்ந்தவர், "தம்பி, அரைக் கட்டை கீழ போயிருவமா?" என்றார். ஐயா ஒன்றும் பேசாமல் ஐந்து கட்டையை அமுக்கிப் பிடித்தார். நான் கேப்போவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.