ஆறு ஆண்டுகளாக ஒரே சப்ளையரிடம் கம்பி வாங்கிய அனுபவம்

புதிய கட்டுமானத் திட்டம் ஒன்றின் கொள்முதல் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பர், ஆறு ஆண்டுகளாக எங்களுக்குக் கம்பி தரும் சப்ளையரை நம்பி ஆர்டர் கொடுக்கலாமா என்று கேட்டார். விலை, கடன் தவணை எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கெட்ட செய்தியை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் பழக்கம் இவர்களிடம் இருக்கிறது. ஒருமுறை 25 மி.மீ. கம்பி ஆலையிலிருந்து குறித்த நாளில் வராது என்பதைப் பத்து நாள் முன்னதாகவே தெரிவித்தார்கள். அந்த அவகாசத்தில்தான் எங்கள் வடிவமைப்புப் பொறியாளரால் எட்டு 25 மி.மீ. கம்பிகளுக்கு ஈடாகப் பதின்மூன்று 20 மி.மீ. கம்பிகளைப் போடலாம் என்று கணக்கிட்டு, இடைவெளி போதுமா என்பதையும் சரிபார்த்து ஒப்புதல் தர முடிந்தது. எடையிலும் ஒளிவுமறைவு கிடையாது. 12 மீட்டர் நீளமுள்ள 16 மி.மீ. கம்பி ஏறத்தாழ 19 கிலோ இருக்க வேண்டும். நாங்கள் கேட்காமலே ஒவ்வொரு கட்டிலும் உள்ள கம்பிகளின் எண்ணிக்கையையும் எடையையும் சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள்.

ஆனால் சோதனைச் சான்றிதழ் மட்டும் ஒருநாளும் லாரியோடு வந்ததில்லை. இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்தே வரும். கம்பிக் கட்டில் தொங்கும் தகரச் சீட்டின் ஹீட் நம்பரும் (ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு ஆலை இடும் அடையாள எண்) சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கம்பியின் வலிமையும் கார்பன் அளவும் எந்த உருக்கில் சோதிக்கப்பட்டவை என்று நிறுவ முடியும். அது இல்லாமல் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் கம்பியைத் தொட விடமாட்டார்; விடவும் கூடாது.

சென்ற வாரம் சான்றிதழ் வந்தது, ஆனால் இரண்டு கட்டுகளின் எண்ணில் கடைசி இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கம்பி கட்டும் ஆட்கள் காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். திருத்திய தாள் மாலையில் வந்து சேர்வதற்குள் மறுநாள் தளம் போடச் சொல்லி வைத்திருந்த கான்கிரீட்டை நாங்கள் ரத்து செய்துவிட்டோம். ஆலை அனுப்பினால்தானே நாங்கள் தர முடியும் என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் லாரியில் ஏற்றும்போது சீட்டையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஐந்து நிமிட வேலை ஆலையுடையதல்ல, அவர்களுடையது. பத்து நாள் முன்னதாகத் தட்டுப்பாட்டைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் கைவரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஆகவே நண்பருக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்றே பதில் எழுதினேன். எங்கள் அடுத்த கொள்முதல் ஆணையில், சான்றிதழும் தகரச் சீட்டின் படமும் வந்து சேராமல் லாரி புறப்படக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அவர்களும் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார்கள். முதல் லோடு திங்கட்கிழமை வர வேண்டும்.