தன்லின் வீட்டுக் கூரையில் சோலார் பேனல்: ஒரு வருடத்துக்கும் மேல் பார்த்தபின் எழுதுகிறேன்

பொருள் நல்ல பொருள், பொருத்தியதுதான் தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூன் பக்கம் கரண்ட் போகிற போக்கில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் சோலார் ஏறுகிறது, நம் ஆட்கள் பேட்டரி எத்தனை ஆம்பியர், இன்வெர்ட்டர் எத்தனை வாட் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள், கூரையில் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கியது 550 வாட் பேனல் ஒன்று, 24 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர். 2024 மே இரண்டாம் வாரம் கடையிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். எங்கள் தகரக் கூரை வடக்கேயும் தெற்கேயும் சரிகிறது, வடக்குச் சரிவு தெருப் பக்கம், ஏணி வைக்க வசதி, அங்கேயே பூட்டிவிட்டார்கள். "வெயில் அருமையா விழுது அக்கோ (அண்ணே)" என்றார்கள். உண்மைதான், அன்று மத்தியானம் மீட்டர் 450 வாட் வரை போனது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் எண்கள் படுத்துவிட்டன, சில நாள் மத்தியானத்திலேயே 80, 90தான், அதில் எனக்கு வருத்தமில்லை, மேகத்துக்குக் கடைக்காரர் என்ன செய்வார். ஒரு விஷயம் மட்டும் ஆச்சரியமாக இருந்தது: ஜூலையில் ஒருநாள் மேகம் விலகிய சில நொடி மீட்டர் 550ஐயும் தாண்டிவிட்டது. மேகத்தின் வெள்ளை விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் நேர் வெயிலோடு சேர்ந்துகொள்வதால் அப்படி ஆகுமாம், மழையில் கழுவிக் குளிர்ந்த பேனல் வேறு. ஆனால் அதற்காகக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள், நொடிக்கணக்கு அது.

அக்டோபர் கடைசியில் வானம் திறந்தது. இனி ஏறும் என்று காத்திருந்தேன், ஏறவில்லை. தீபாவளிக்கு ராத்திரி பாதியிலேயே பேட்டரி படுத்தது. டிசம்பரில் மேகமே இல்லாத மத்தியானம் 270. பேனல் மட்டமான சரக்கு என்று நினைத்துக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன், அவர்கள் தூசியைத் துடையுங்கள் என்றார்கள், துடைத்தேன், பத்து வாட் கூடியது.

கண்டுபிடித்தது அப்பத்தா. வத்தல் காயப்போட முறத்தோடு தெற்கு வாசலுக்குப் போனவர், "மார்கழில வெயிலு தெக்காலதானேடா போவுது, நீ வடக்க வச்சா அதுக்கு முதுகுதானே காட்டும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 16.8 பாகையில். பூமி சாய்ந்து சுற்றுவதால் சூரியன் ஜூனில் 23.4 பாகை வடக்கே வரை போய்த் திரும்புகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. அப்படியென்றால் வருடத்தில் இரண்டு தடவை, மே 7 வாக்கிலும் ஆகஸ்ட் 5 வாக்கிலும், அது நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது, அந்த மத்தியானம் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட மூன்று மாதம் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. பையன்கள் பூட்டியது சரியாக அந்த நாட்களில்! மார்கழியிலோ மத்தியானத்தில்கூட சூரியன் தெற்கு வானத்தில் 50 பாகை உயரம்தான் ஏறுகிறது, வடக்கே சரிந்த பேனலில் வெயில் சாய்ந்து விழுந்து பாதியாகிவிடுகிறது. இத்தனைக்கும் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. தூரம் அல்ல, சாய்வுதான் நம் குளிரையும் வெயிலையும் நடத்துகிறது.

நான் மூன்று தடவை கடைக்கு நடந்த பிறகு கடைக்காரர்கள் வந்து தெற்குச் சரிவுக்கு மாற்றினார்கள், கூலியும் வாங்கிக்கொண்டார்கள். அது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், திசை பார்த்துப் பூட்டுவது அவர்கள் வேலை. மாற்றிய பிறகு பிப்ரவரியில் மத்தியானம் 470.

பேனலின் பின்னால் 550 என்று எழுதியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றுமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய சக்தி சுமார் 1361 வாட், தெளிந்த வானத்தில் தரைக்கு வருவது ஏறக்குறைய 1000. அந்த 1000 வாட்டில், பேனல் 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால்தான் 550. ஏப்ரல் தகரத்தின் மேல் அது 65 டிகிரிக்குக் கொதிக்கிறது, 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.35 பங்கு அளவு குறையும், ஆக அங்கேயே 14 சதவீதம் போச்சு. ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வெயிலைவிட மாசி வெயிலில் நன்றாக ஓடுவது இதனால்தான். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள், காற்று போகட்டும். தென்னை ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் விடாதீர்கள், உள்ளே வெயிலைக் கரண்டாக்கும் சின்னச் சின்னச் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு மூலை இருண்டால் மூன்றில் ஒரு பங்கே போய்விடும்.

பேட்டரியில் குறை ஒன்றுமில்லை, ஐந்து விளக்கு, இரண்டு ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் விடியும்வரை தாங்குகிறது. இன்வெர்ட்டரின் காற்றாடி இரைச்சல் அதிகம், படுக்கை அறையில் வைக்க வேண்டாம்.

பொருத்திய அதே வாரம், மே 10, 11ல், பெரிய சூரியப் புயல் (சூரியன் கக்கும் மின்னூட்டத் துகள்களின் வெள்ளம்) வந்ததே, பேனல் எரிந்துவிடாதா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். எரியாது மாமா. அந்தப் புயல் தாக்குவது நூற்றுக்கணக்கான மைல் ஓடும் மின்கம்பிகளைத்தான், 1989ல் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டது அப்படித்தான். நம் கூரையில் ஓடுவது பத்து மீட்டர் வயர்.

அடுத்த தையில் இன்னொரு பேனல் வாங்கப் போகிறேன். கடை வேறு, திசை தெற்கு, கூடவே அப்பத்தாவும் வாசலில் நிற்பார்.