விண்டோஸ் 10-க்குப் பின்: மின்ட், உபுண்டு, டெபியன் – வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. தனிநபர்களுக்கு அறிவிக்கப்பட்ட நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமானால் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்தில் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை, அல்லது 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள். இவற்றுள் பழையவை அந்தத் தகுதிக்குள் வராது. நன்றாக வேலை செய்யும் கணினியை ஒரு தேதி கடந்துவிட்டது என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போடும் நிலையில் இங்கே யாரும் இல்லை. விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய பேச்சு எங்கள் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்துகிறேன். எம்.சி. ரோடு துணிக்கடைகளின் பில் புக், காசிமேடு படகுக்காரர்களின் மனு, கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா என்று நாள் முழுவதும் தமிழில் அடித்து அச்செடுக்கும் இடம் இது. கடையின் மூன்று கணினிகளில் லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் என மூன்று வழங்கல்களை, அதாவது லினக்ஸின் மூன்று வகைத் தொகுப்புகளைப் பதிந்து, ஒரே வகையான வேலைகளை மூன்றிலும் செய்து பார்த்துவருகிறேன். லினக்ஸுக்கு நான் புதியவன். எனவே இந்த ஒப்பீட்டில் நிரலாளருக்கு வேண்டிய விவரங்கள் இருக்காது, கடையிலும் வீட்டிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வேண்டியவை இருக்கும்.

மூன்றும் ஒரே குடும்பம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1993-இல் தொடங்கியது டெபியன். அதை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் மேல் 2006-இல் மின்ட் எழுந்தது. மூன்றுமே ஒரே வகைப் பொதிகளை, அதாவது மென்பொருள் நிறுவல் கோப்புகளைப் பயன்படுத்துகின்றன. அலுவலக வேலைக்கான லிப்ரே ஆஃபீஸ், படத் திருத்தத்துக்கான கிம்ப், வரைகலைக்கான இங்க்ஸ்கேப் ஆகியவை மூன்று வழங்கல்களிலும் கிடைக்கின்றன. ஆகவே "எதில் அதிக மென்பொருள் உண்டு" என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. கணினியின் ரேம், தமிழ்த் தட்டச்சு, நெட் செலவு, கடையில் கூட வேலை பார்ப்பவரின் பழக்கம் ஆகியவற்றில்தான் இவை வேறுபடுகின்றன.

ரேமில் தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு முடிவு இங்கேயே வந்துவிடும். உபுண்டு 24.04 க்னோம் என்ற திரைச்சூழலோடு, அதாவது மெனு, பட்டை, சாளரங்களின் அமைப்போடு வருகிறது. அதற்கு 4 ஜி.பி. ரேமைப் பரிந்துரைக்கிறார்கள், என் அனுபவத்தில் 8 இருந்தால்தான் நிம்மதி. மின்ட் 22 சின்னமன், மாட்டே, எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற மூன்று திரைச்சூழல்களில் கிடைக்கிறது. குறைந்தபட்சம் 2 ஜி.பி., வசதியாக ஓட 4 ஜி.பி. என்பது அவர்களே சொல்லும் கணக்கு. என்னிடம் வந்த பழைய அரசு மடிக்கணினி 2 ஜி.பி. உடையது. அதில் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. தடையின்றி ஏறியது, லிப்ரே ஆஃபீஸும் ஓடியது. ஆனால் பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடன் வன்தட்டு ஓயாமல் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் குறையை எந்த வழங்கலாலும் தீர்க்க முடியாது, இன்றைய இணையப் பக்கங்களின் எடை அப்படி. பழைய ரேமை 4 ஜி.பி.யாகவும், சுழலும் வன்தட்டை எஸ்.எஸ்.டி.யாகவும் மாற்றிய பிறகு அதே மடிக்கணினி பள்ளிப் பிள்ளைக்கு முழுமையாகப் போதும் என்ற நிலைக்கு வந்தது. தண்டையார்ப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். லினக்ஸுக்கு மாறுபவர்கள் எந்த வழங்கல் என்று நாள்கணக்கில் விவாதிப்பதைவிட இந்த ஒரு பயணம் அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடற்காற்றில் ரேமின் பொன்னிறப் பற்களில் பாசி போல ஒரு படலம் படிந்துவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால், "கணினி செத்துவிட்டது" என்று ஒதுக்கி வைத்தவற்றில் சில மறுபடி எழுந்துவிடும்.

அந்த அரசு மடிக்கணினிகளோடு லினக்ஸ் ஏற்கெனவே எங்கள் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. எத்தனையோ மாணவர்கள் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை, சொல்லித்தர ஆள் இல்லை என்பதே காரணம். மென்பொருளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் காட்டவும் வேண்டும் என்பதை அந்தத் திட்டத்தின் பாடமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்த் தட்டச்சுக்கு வருவோம். எனக்கு இதுதான் உயிர்நாடியான பகுதி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையின் சிறப்பு, முன்பின் எழுத்தைப் பார்த்து அதுவே புள்ளி வைத்துக்கொள்வது: அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். உபுண்டுவிலும் மின்டிலும் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் 'தமிழ்நெட் 99' என்ற பெயரில் ஒன்று முதலிலேயே கண்ணில் படும். ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற நேர்ப் பொருத்தம் மட்டுமே. முன் எழுத்தைக் கவனித்துப் புள்ளியிடும் திறன் அந்த அமைப்புக்கு இல்லை. புதிதாக வருபவர் அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துகள் எதிர்பார்த்தபடி சேராததைப் பார்த்து, லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும், அதற்கான எம்17என் என்ற கூடுதல் பொதியும் சேர்ந்தால்தான் உண்மையான தமிழ்99 கிடைக்கும். அதிலேயே ஒலிபெயர்ப்பு முறையும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்குப் பழகிய தட்டச்சுப் பொறி முறையும் உண்டு.

இதை அமைப்பதில் உபுண்டு ஒரு படி முன்னே நிற்கிறது. ஐபஸ் அதில் ஏற்கெனவே இணைந்திருப்பதால் எம்17என் பொதியைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, அமைப்புகளில் தமிழ்99-ஐத் தேர்ந்தால் வேலை முடிந்தது. மின்டில் உள்ளீட்டு முறைக்கான தனிச் சாளரத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுக்கும் படி கூடுதலாக உண்டு. கடினமில்லை, ஆனால் யாராவது சொல்லாமல் தெரியாது. டெபியன் நிறுவும்போதே மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நிறுவியே தமிழில் பேசும்.

பழைய கோப்புகளின் நிலை வேறு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பத்திரிகை மாதிரிகளும் மனுக்களும் ஒவ்வொரு டி.டி.பி. கடையிலும் குவிந்து கிடக்கின்றன. எழுத்துருக் கோப்பைக் கணினியில் சேர்த்துவிட்டால் மூன்று வழங்கல்களிலும் பழைய கோப்பு சரியாகவே தெரியும். தனி விசைப்பலகை மென்பொருளை நம்பியிருந்த எழுத்துருக்களில் புதிதாக அடிப்பதுதான் சிக்கல். அதற்கு உரையை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நிலையான வழி. கோரல்டிரா கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் டிராவும் இங்க்ஸ்கேப்பும் திறக்கும், பேஜ்மேக்கர் கோப்புகளையும் லிப்ரே ஆஃபீஸ் டிரா ஓரளவு திறக்கும். ஆனால் நிழல், வளைவு, எழுத்து இடைவெளி போன்றவை இடம் மாறிவிடுகின்றன. வாடிக்கையாளர் போன வருடம் அடித்த பத்திரிகையைக் காட்டி அதே போல் வேண்டும் என்று நிற்கும்போது இது சின்ன விஷயமல்ல. கல்யாணப் பத்திரிகைத் தொழிலை மட்டும் பார்த்தால் விண்டோஸும் கோரல்டிராவும் இன்றைக்கும் மேல் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்கும் பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6 தகுதியானது; அதன் பழைய 1.4 பதிப்பில் உடைந்து போன தமிழ் இப்போது ஒழுங்காக வருகிறது.

நெட் செலவில் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்துவது, ஏனென்றால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில், நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்ற ரீசார்ஜில் கணினியை ஓட்டும் வீடுகள் இங்கே நிறைய. உபுண்டு 24.04-இன் நிறுவல் கோப்பே ஏறக்குறைய 6 ஜி.பி.; மின்ட் சுமார் 3 ஜி.பி.; டெபியனின் சிறிய நிறுவல் கோப்பு ஒரு ஜி.பி.க்கும் கீழே, மீதியை அது நிறுவும்போது இறக்கிக்கொள்ளும். நிறுவிய பிறகும் இந்த இடைவெளி தொடர்கிறது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் முதலான சில மென்பொருள்கள் ஸ்னாப் என்ற முறையில் வருகின்றன. அது இயல்பாக நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடி, கிடைத்தால் தானே இறக்கிவிடும். பிராட்பேண்ட் இணைப்பு உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடு, கவனிக்காமலே பாதுகாப்பு வந்து சேர்ந்துவிடும். ஹாட்ஸ்பாட்காரருக்கோ மாலைக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து, இரவு பிள்ளையின் வகுப்புக் காணொளி நின்றுபோகும். மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகச் சேர்ப்பதில்லை. அதன் புதுப்பிப்பு மேலாளர் பட்டியலையும் அளவையும் காட்டிவிட்டு நம் அனுமதிக்காகக் காத்திருக்கும். காத்திருக்கிறதே என்று மாதக்கணக்கில் விட்டுவிடக்கூடாது என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

கூட வேலை பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை, மின்ட் முன்னிலை. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் கண்ட இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. கடையில் தட்டச்சு செய்யும் பெண் உபுண்டு முன் அமர்ந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, ஸ்டார்ட் எங்க இருக்கு?" என்பது, மின்டில் அந்தக் கேள்வியே வரவில்லை. உபுண்டுவின் இடப்பக்கப் பட்டையும், விண்டோஸ் விசையை அழுத்தித் தேடும் முறையும் பழகியபின் வேகமானவைதான். புதிய தலைமுறை மடிக்கணினியில் தொடுபலகையை மூன்று விரலால் நகர்த்திப் பணித்திரைகளை மாற்றுவது அழகாகவே இருக்கிறது. ஆனால் கடையில் ஆள் நின்றுகொண்டு அவசரப்படுத்தும் நேரத்தில் பழகிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

அச்செடுக்கும் கணினிக்கு டெபியனைத் தேர்ந்தெடுத்தேன், காரணம் அதன் நிதானம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு. இடையில் பிழைத்திருத்தமும் பாதுகாப்பும் மட்டும் வரும், மென்பொருளின் பெரிய பதிப்பு பொதுவாக மாறாது. பில் புக் வடிவத்தை ஒருமுறை மில்லிமீட்டர் பார்த்து அமைத்தபின், லிப்ரே ஆஃபீஸ் புதிதாகி வரி ஒன்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போவது என்ற தொல்லை அதில் இல்லை. புதியவருக்கு டெபியனில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டால்தான் நம் கணக்குக்கே நிர்வாக உரிமை கிடைக்கும்; அங்கே ஒன்றைக் கொடுத்துவிட்டால் வழிகாட்டிகளில் உள்ள கட்டளைகள் பலவும் மறுக்கப்படும். வைஃபை வன்பொருள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவியோடே வருகின்றன, எனவே அதற்கு முந்தைய வழிகாட்டிகளை நம்பிப் பயப்பட வேண்டாம். 32 பிட் பிராசசர் மட்டுமே உள்ள மிகப் பழைய கணினிகளுக்கும் அந்த 12-ஆம் பதிப்பு வரைதான் இடம். 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் அவற்றுக்கான நிறுவி இல்லை.

பிரிண்டரில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஹெச்.பி. வகைகளுக்கு ஹெச்.பி.லிப் என்ற இயக்கித் தொகுப்பு இருக்கிறது. சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினியே ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டியிருப்பதால் அதற்கான கூடுதல் கோப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் தெருவில் இன்னொரு ஏற்பாடும் அவசியம்: புதுப்பிப்பு பாதியில் நின்றால் முந்தைய நிலைக்குத் திரும்பும் டைம்ஷிஃப்ட். மின்டில் அது முன்பே நிறுவப்பட்டிருக்கிறது, மற்ற இரண்டில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸில் மட்டுமே நேரடியாக ஓடும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் இயக்கி உண்டா என்று விற்றவரிடம் கேட்டு, உறுதியான பதில் வந்த பிறகே மாற வேண்டும். அந்த வேலைகள் அன்றாடம் உள்ள கடைக்கு ஒரு விண்டோஸ் கணினியைத் தனியே வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். ஃபெடோராவையும் பலர் சொல்கிறார்கள். ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாத ஆதரவு என்பது கடைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் குறைவு என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஆக, 4 ஜி.பி. ரேமும் அதற்குக் கீழும் உள்ள பழைய மடிக்கணினிக்கு மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ.; 8 ஜி.பி.யும் நிலையான பிராட்பேண்டும் உள்ளவருக்கு உபுண்டு. நாள்தோறும் ஒரே வேலையைச் செய்யும் கடைக் கணினிக்கு டெபியன் என்பது என் தேர்வு. எதையும் நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி மின்டிலும் உபுண்டுவிலும் உண்டு, டெபியனுக்கு அதற்கென்று தனிக் கோப்பு இருக்கிறது. அந்த நிலையில் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டரில் ஒரு தமிழ்ப் பக்கம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிள்ளைகளின் சான்றிதழ்ப் படங்களையும் பழைய எழுத்துருக் கோப்புகளையும் வேறொரு தட்டில் நகலெடுத்த பிறகே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். எட்டு ஜி.பி. பென்டிரைவோடு எங்கள் பக்கம் வருபவர்களுக்கு நானே பதிந்து கொடுக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து காட்டவும் நேரம் கிடைக்கும்.